‘மேனாட்டுக் கலாசாரம்’ என்னும் குற்றச்சாட்டு

காடாம்புலியூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் சிறு சபையொன்று கூடி, வரவிருக்கும் அறுப்பின் பண்டிகை ஆராதனையைக் குறித்து ஆலோசனை செய்துகொண்டிருந்தது. நாமும் அதில் அமர்ந்திருந்தோம். நெய்வேலி நகரியத்திலிருந்து வந்திருந்த இளம் பொறியாளர் ஒருவர் எழுந்து, “ஐயா, இந்த முறை ஆர்மோனியம் வேண்டாம். பறை முழங்க நம் மண்ணின் முறைப்படி ஆராதிப்போம். மிஷனெரிமார் ஏற்றிவைத்த மேனாட்டுக் கலாசாரத்தை இன்னும் எத்தனை தலைமுறை சுமப்பது?” என்றார். தென்மாவட்டத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றிலே பிறந்தவர், நன்றாகப் படித்தவர், அவர் சொல்லில் உண்மையான வேதனை இருந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இடைமறித்து, மண்ணின் முறை என்றால் பறைதானா, குத்துவிளக்கு ஏற்றி, வீணையோடு கீர்த்தனை பாடினால் அதுவும் நம் நாட்டு முறையன்றோ என்று கேட்டார். இரு திறத்தாரும் நம் முகத்தைப் பார்த்தனர்.

அப்போது மூலையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் வாய் திறந்தார். ஆயுள் முழுவதும் முந்திரித் தோப்புகளில் உழைத்தவர் அவர். “எங்கப்பா அந்தப் பறையைத் தோள்ல மாட்டிக்கிட்டு எத்தனையோ சாவு வீட்டு வாசல்ல நின்னவரு. ஞானஸ்நானம் எடுத்த அன்னிக்குத்தான் அதைக் கீழே வச்சாரு. அதை நீங்க கோயிலுக்குள்ளே கொண்டாரச் சொல்றீங்களே, ஐயா?” என்றார்.

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. கூட்டம் ஜெபத்துடன் கலைந்தது. அன்று சொல்ல முடியாமற்போன விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

மிஷனெரிமார் நற்செய்தியோடு தங்கள் நாட்டுக் கலாசாரத்தையும் கட்டிக்கொண்டுவந்து நம்மீது சுமத்தினர் என்னும் குற்றச்சாட்டு புதியதன்று. இறையியற் கல்லூரி வகுப்பறைகளில் இது பல்லாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது, நாமும் கற்பித்திருக்கிறோம். கூர்மாடக் கோபுரம், நீண்ட அங்கி, வரிசைப் பெஞ்சுகள், ஜெர்மானிய இராகத்தில் இழுத்துப் பாடும் ஞானப்பாட்டுகள், பனியே காணாத ஊரில் சவுக்குக் கிளையிலே பஞ்சை ஒட்டிச் செய்யும் கிறிஸ்துமஸ் மரம் என்று பட்டியல் நீளும். இவற்றைக் கண்டு நகைப்பது எளிது. நகைக்கத் தக்கனவும் சில உண்டு. ஆனால் இவ்விமர்சனம் பெரும்பாலும் ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்பதோடு நின்றுவிடுகிறது. அது இங்கு வந்து யாருக்கு என்ன செய்தது என்று கேட்பதில்லை. இதுவே அதன் குறை என்று கருதுகிறோம்.

காடாம்புலியூரில் நின்றுகொண்டு ‘அந்நியம்’ என்று பேசுகிறவர் சற்றுச் சுற்றிலும் பார்க்க வேண்டும். இச்செம்மண் மேட்டில் பலாவுக்கு அடுத்தபடியாக மக்களுக்குச் சோறிடுவது முந்திரி. அம்மரம் பிரேசில் நாட்டிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியரால் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைப் பறங்கியர் மரம் என்று எவரும் வெட்டி எறிவதில்லை. அதே நேரத்தில், முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் கைகள் அதன் ஓட்டு எண்ணெயால் கறுத்து வெந்துபோகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. மரம் அயல் நாட்டது என்பதால் அக்கைகள் வேகவில்லை. கூலி கொடுப்பவர் கையுறை கொடுக்காததால் வேகின்றன. எங்கிருந்து வந்தது என்னும் கேள்வி வேறு, யாருக்குக் கேடு என்னும் கேள்வி வேறு.

நம் இளைஞர் வேண்டாமென்ற ஆர்மோனியத்தையே எடுத்துக்கொள்வோம். 19-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் உருவாகி, ஐரோப்பியரோடு இங்கு வந்த கருவி அது. இந்திய இசைக்கு ஒவ்வாதது என்று கூறி அகில இந்திய வானொலி 1940-இல் அதைத் தடை செய்தது. 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. அரசாங்கத்தின் வானொலி விலக்கிவைத்த காலத்திலும் பஜனை மடங்களிலும் நாடகக் கொட்டகைகளிலும் நம் கிராம ஆலயங்களிலும் அது ஒலித்துக்கொண்டேயிருந்தது. இன்று கிராமத்துச் சபை மூப்பர் எவரிடமேனும் ஆர்மோனியம் மேனாட்டுக் கருவி என்று சொன்னால் அவர் நம்பமாட்டார்.

வேதாகமத் தமிழின் வரலாறு இதைவிட வியப்பானது. சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. கடவுளைக் குறிக்க அவர் ‘சருவேசுரன்’ என்று எழுதினார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பப்ரிஷியஸ் ‘பராபரன்’ என்று எழுதினார். இரேனியஸ் ‘தேவன்’ என்றார். 1871-இல் வெளிவந்த பவர் திருப்புதலும் அதையே கைக்கொண்டது. 1936-இல் வெளிவந்த திருப்புதலில் ‘கடவுள்’ என்னும் சொல் இடம்பெற்றது. இந்த ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நிகழ்ந்தது என்ன? பப்ரிஷியஸின் மொழிபெயர்ப்பில் ஊறியவர்கள் இரேனியஸின் நடையை எதிர்த்தனர். லுத்தரன் சபையார் பவர் திருப்புதலை நெடுங்காலம் ஏற்கவில்லை. பவர் திருப்புதலில் ஊறியவர்களோ 1936-ஆம் ஆண்டுத் திருப்புதலை இன்றுவரை ஆராதனை மேடையில் ஏற்றவில்லை. முந்திய மிஷனெரி தந்த தமிழை ‘நம் முன்னோர் தமிழ்’ என்று கூறிப் பிந்திய மிஷனெரி தந்த தமிழைத் தள்ளியவர்கள் தமிழர்களே.

அந்த 1936-ஆம் ஆண்டுத் திருப்புதலுக்குத் தலைமை தாங்கிய லார்சன் ஐயர் நம் பகுதிக்கு அந்நியரல்லர். தென்னாற்காட்டில் பணியாற்றிய டேனிஷ் மிஷனெரி சங்கத்தின் வழியாக 1889-இல் இந்தியா வந்தவர்; பின்னர் பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியின் முதல்வராக 1911 முதல் 1924 வரை இருந்தவர். மக்கள் பேசிப் புரிந்துகொள்ளும் தமிழுக்கு வேதத்தைக் கொண்டுவர அந்த டென்மார்க்குக்காரர் முயன்றார். நாமோ வேண்டாமென்றோம். பவர் திருப்புதலின் ஓசை நம் செவியிலும் கண்ணீரிலும் கலந்துவிட்டது என்பது உண்மையே. நாமே மரணப்படுக்கையண்டை நின்று வாசிக்கும்போது அதைத்தான் வாசிக்கிறோம். ஆயினும் மேனாட்டார் தங்கள் கலாசாரத்தைத் திணித்தனர், நாம் மௌனமாகச் சுமந்தோம் என்னும் எளிய கதைக்கு இவ்வரலாறு இடந்தரவில்லை. வேண்டியதை எடுக்கவும் வேண்டாததைத் தள்ளவும் நம் மக்கள் அறிந்திருந்தனர். எதை எடுத்தனர், எதைத் தள்ளினர் என்பதற்கு அவர்களே கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்.

இக்கணக்கு மிகக் கடினமாவது தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரிடம்தான். 1774-இல் பிறந்து 1864-இல் மறைந்த அப்பெருங்கவிஞர், பன்னிரண்டு வயதில் சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர். சரபோஜி மன்னரின் நண்பர். பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். தமிழ்க் கிறிஸ்தவப் பண்பாடு என்று ஒன்று உண்டானால் அதற்கு அவரே தந்தை எனலாம். 1820-களில் புதிதாக வந்த மிஷனெரிமாரோடு அவருக்குக் கடும் பிணக்கு உண்டாயிற்று. அவர்கள் செய்த கொடுமைகள் நான்கு என்று அவர் எழுதினார். வேதமொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. விழாக்களில் மலர்களை விலக்கியது ஒன்று. ஆலயத்தில் தமிழ் இசைப்பாடல்களை விலக்கியது ஒன்று. இம்மூன்றிலும் நம் உள்ளம் சாஸ்திரியார் பக்கமே நிற்கிறது. பூவையும் பாட்டையும் பறிப்பதற்கு அந்த வெள்ளையருக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பின்னாளில், 1853-இல், அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயரே தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார் என்பதால், சாஸ்திரியாரின் நியாயம் மிஷனெரிமாராலேயே ஒருவாறு ஏற்கப்பட்டது.

ஆனால் நான்காவது கொடுமை எது? ஆலயத்திலே சாதிகளை ஒன்றாகக் கலக்கச் சொன்னது.

இந்நான்கையும் சாஸ்திரியார் ஒரே மூச்சில், ஒரே சினத்தோடு எழுதினார் என்பதை நம் வகுப்பறைகளில் நாம் மெல்லக் கடந்து சென்றுவிடுகிறோம். மூன்றை மட்டும் மேற்கோள் காட்டி, அவரைச் சுதேசக் கிறிஸ்தவத்தின் முன்னோடி என்று போற்றி, நான்காவதைக் காலத்தின் குறை என்று ஒதுக்குகிறோம். நாம் அவ்வாறு ஒதுக்க ஒப்பவில்லை. அவர் மனத்தில் அவை நான்கும் ஒன்றே. பூவும் பாட்டும் எவ்வாறு தமிழ்ப் பண்பாடோ, அவ்வாறே ஆலயத்தில் விலகி அமர்வதும் தமிழ்ப் பண்பாடு. ‘நம் கலாசாரம்’ என்று ஒருவர் சொல்லும்போது அந்த ‘நம்’ என்பது எவரை உள்ளடக்கியது என்று கேட்க வேண்டிய கட்டாயம் இங்கேதான் பிறக்கிறது.

சாஸ்திரியாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதும் நியாயமன்று. மிஷனெரிமாரே அந்தப் பாதையை முன்னரே போட்டுக்கொடுத்திருந்தனர். நம் கடலூரில் பிறந்த ஆறுமுகம், ஆரோன் என்று ஞானஸ்நானம் பெற்று, 1733-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் முதல் இந்தியப் புராட்டஸ்டண்டு போதகராகக் குருப்பட்டம் பெற்றார். கடலூர்க்காரர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு, மறைப்பானேன். ஆனால் அப்போது பரிசீலிக்கப்பட்டவர்களுள் இராஜநாயக்கன் என்னும் உபதேசியாரும் இருந்தார். ஆற்றல் மிக்க ஊழியர். பறையர் குலத்தில் பிறந்தவர். அவர் கையால் நற்கருணை பெற உயர்சாதிக் கிறிஸ்தவர் தயங்குவர், திருவிருந்தின்மேல் அவர்களுக்குள்ள மதிப்புக் குன்றிவிடும் என்று மிஷனெரிமார் அஞ்சினர். ஆரோன் வேளாளர். இராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்துவிட்டார். அம்மிஷனெரிமார் இங்கே தங்கள் கலாசாரத்தைத் திணித்தார்களா? இல்லை, நம்முடையதற்குப் பணிந்தார்கள்.

இக்கேள்வி நம் பகுதியிலேயே ஒரு முடிவுக்கு வந்த வரலாறு உண்டு. பண்ருட்டியிலிருந்து கடலூர் செல்லும் இருப்புப்பாதையில் அடுத்த நிலையம் மேல்பட்டாம்பாக்கம். இரயிலில் செல்வோர் பலர் அங்கே ஒரு பழைய மிஷன் நிலையம் இருப்பதை அறியார். அதன் பெயர் பெத்தானி. 1860-களின் தொடக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்னும் ஜெர்மானிய மிஷனெரி அதை நிறுவினார். அவர் லைப்சிக் மிஷனில் இருந்து, அதைவிட்டு விலகி இங்கு வந்தவர். விலகியதற்குக் காரணம் சாதி.

லைப்சிக் மிஷனின் இயக்குநராயிருந்த கார்ல் கிரவுல் சாதாரண மனிதரல்லர். 1849-க்கும் 1853-க்கும் இடையே இந்தியாவில் பயணம் செய்து தமிழை ஆழக் கற்றவர். திருக்குறளை ஜெர்மன் மொழியிலும் இலத்தீனிலும் பெயர்த்தவர். தமிழரின் பழைய நாகரிகத்தை ஐரோப்பாவில் எடுத்துரைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர். மேனாட்டு வழக்கங்களைத் தமிழ்ச் சபைமேல் சுமத்தலாகாது என்று அவர் உறுதியாகக் கருதினார். ஆகவே சாதியையும் ஒரு சமுதாய வழக்கமாகவே கண்டார். அதைச் சட்டத்தால் ஒழிக்க முயல்வது நற்செய்தியை நியாயப்பிரமாணமாக்குவதாகும். சுவிசேஷம் உள்ளே வேலை செய்யச் செய்ய அது தானே தேய்ந்து மறையும் என்பது அவர் வாதம். சென்னையில் கூடிய மிஷனெரிமார் 1850-இல், சாதியை விட்டவர் என்பதற்கு அடையாளமாக எல்லாரோடும் அமர்ந்து உண்ண வேண்டும் என்று அறிக்கை விட்டபோது லைப்சிக் மிஷன் அதற்கு இசையவில்லை. ஆங்கிலச் சபையில் கல்கத்தா அத்தியட்சர் வில்சன் 1833-இல் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டுமென்று கட்டளையிட்டபின், மனம் பொறாத தஞ்சைக் கிறிஸ்தவர் பலர் பிற்பாடு லுத்தரன் சபையை நாடிச் சென்றதும் இதே வரலாற்றின் ஒரு பகுதி.

ஓக்ஸ் ஐயருக்குக் கிரவுலின் கல்வி இல்லை. அவர் குறளை மொழிபெயர்க்கவில்லை. ஆனால் குருப்பட்டம் பெற வருகிற ஒருவன், தன் சகோதரன் சமைத்ததை உண்ண மறுப்பானாகில், அவன் எவ்வாறு அந்தச் சகோதரனுக்குக் கிறிஸ்துவின் சரீரத்தைப் பகிர்ந்து கொடுப்பான் என்று அவர் கேட்டார். விடை கிடைக்கவில்லை. மிஷனை விட்டு வெளியேறினார். டேனிஷ் மிஷனெரி சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நெல்லிக்குப்பம் முதல் திருவண்ணாமலை வரை பரவி, இன்று ஆற்காடு லுத்தரன் திருச்சபை என்று பெயர் கொண்டு நிற்கும் சபைக்கு அங்ஙனம் வித்திடப்பட்டது. சபை மிக மெதுவாகவே வளர்ந்தது. விதைத்தவரின் பிடிவாதமும் அதற்கு ஒரு காரணமாயிருக்கலாம்.

இவ்விருவருள் கலாசாரத்தை மதித்தவர் யார்? நம் பாடப்புத்தகங்கள் தரும் அளவுகோலின்படி கிரவுலே. அந்நியக் கருத்தைத் திணித்தவர் யார்? அதே அளவுகோலின்படி ஓக்ஸ். அளவுகோலிலேயே கோணல் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்தியோகியாவில் பேதுரு செய்தது என்ன? யாக்கோபிடத்திலிருந்து வந்தவர்களைக் கண்டதும், தன் இனத்தாரின் மரபுக்கு மதிப்புக் கொடுத்து, புறஜாதியாரின் பந்தியைவிட்டு எழுந்துபோனார். பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பேதுருவிடம் இருந்தது மரபுணர்ச்சி. பிறர் மனம் புண்படாதிருக்க வேண்டுமென்ற பரிவுகூட இருந்திருக்கலாம். ஆயினும் அது நற்செய்தியின் சத்தியத்துக்கு ஒத்ததன்று என்று பவுல் கண்டார். பந்தியிலிருந்து எவரை எழுப்புகிறது, எவரை அமர்த்துகிறது என்பதைக் கொண்டே ஒரு வழக்கத்தை நிறுத்துப் பார்க்க வேண்டும். அது எருசலேமின் வழக்கமா, அந்தியோகியாவின் வழக்கமா என்பது அதற்குப் பிற்பட்ட விஷயம்.

தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பட்ட பாட்டையும் இங்கே நினைக்க வேண்டும். மிஷனெரிகளின் மனைவியர் தைத்துக் கொடுத்த குப்பாயத்தை ‘மேனாட்டு உடை’ என்று இன்றைய ஆய்வாளர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து எழுதிவிடலாம். அதை அணிந்ததற்காகத் தெருவில் அடிபட்ட பெண்ணுக்கு அது மானம். 1859-இல் திருவிதாங்கூர் அரசு அவ்வுடைக்கு அனுமதி அளித்தபோதுங்கூட, உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தலாகாது என்ற நிபந்தனையை விடவில்லை. எது மண்ணின் கலாசாரம், எது அந்நியக் கலாசாரம் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருந்தால் நமக்கு வேறு விடை கிடைத்திருக்கும்.

இப்படியெல்லாம் எழுதுவதால் மிஷனெரிமாரைக் குற்றமற்றவர்களாக்கிவிட்டோம் என்று எண்ண வேண்டா. அவர்கள் செய்த தீங்கு உண்டு. அது அங்கியிலும் கோபுரத்திலும் இல்லை; மிஷன் காம்பவுண்டுச் சுவரில் இருக்கிறது. பங்களாவில் துரை, அதன் பின்புறம் ஊழியர் குடியிருப்பு, பணமும் சாவியும் மேசையறையில், எதற்கும் மனு எழுதிக் காத்திருத்தல் என்னும் அந்த அமைப்புத்தான் நம் சபையின் எலும்பில் இறங்கியது. 1910-இல் எடின்பர்க் மாநாட்டில் அசரியா அவர்கள் மேனாட்டாரிடம், நீங்கள் தந்தவை பல, நட்பை மட்டும் தரவில்லை என்னும் கருத்துப்படக் கேட்டது இவ்வமைப்பைக் குறித்தே. சீகன்பால்கு வந்து 250 ஆண்டுகள் சென்றபின், 1956-இல்தான் தமிழ் லுத்தரன் சபைக்கு மாணிக்கம் அத்தியட்சர் என்னும் முதல் இந்தியத் தலைவர் கிடைத்தார். சரி, துரைமார் போய்விட்டார்கள். காம்பவுண்டு போயிற்றா? பங்களாவில் இப்போது நம்மவர் குடியிருக்கிறார். மனு எழுதுகிறவரும் நம்மவரே. மேனாட்டுக் கலாசாரத்தின் இந்தப் பகுதியை எதிர்த்து ஆலோசனைச் சங்கங்களில் எவரும் பேசக் கேட்டதில்லை. ஆர்மோனியத்தை வெளியேற்றுவது எளிது. சாவியைக் கைமாற்றுவது அரிது.

அந்தச் சுவரைத் தாண்டி வெளியே வந்த மேனாட்டாரும் இருந்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். 1909-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஆன் மரி பீட்டர்சன் அம்மையார் மிஷனைவிட்டு விலகிப் பறங்கிப்பேட்டையில் பெண்களுக்கென்று சேவா மந்திர் என்னும் பள்ளியைத் தொடங்கினார். 1921-இல் காந்தியடிகள் அதற்கு அடிக்கல் நாட்டினார்.

இனி, நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் சொன்ன குத்துவிளக்கையும் வீணையையும் பார்ப்போம். இவ்வழியில் மிக உயர்ந்த முயற்சி திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம். டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காத்லாந்து நாட்டு டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-இல் அதைத் தொடங்கினர். பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைக்கப்பட்ட அவ்விருவரும் கதருடுத்து, துறவு பூண்டு, ஏழைகளுக்கு மருத்துவம் செய்தனர். ஆசிரமத்து ஆலயம் திராவிடக் கோயில் அமைப்பில் எழுந்தது. அதன் அழகில் நாம் பலமுறை மனம் கரைந்திருக்கிறோம். ஆனால் நம் சபை மக்களுள் பெரும்பாலோரின் பாட்டனார் அத்தகைய கோபுரத்தைத் தெருக்கோடியிலிருந்துதான் கண்டனர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்தது 1939-இல். தமக்கு அடைக்கப்பட்டிருந்த வாசலின் வடிவத்தைக் காட்டி, இதுவே உன் மண்ணின் மரபு என்று அவர்களிடம் சொல்வது எங்ஙனம் பொருந்தும்? அவ்வாசிரம ஆலயத்துக்குள் எவரும் தடையின்றி நுழையலாம். ஆதலால் அதன் சாட்சி பெரிது. நம் விமர்சனம் அதைப் பின்பற்றுவதாகச் சொல்லி, கோபுரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு திறந்த வாசலை விட்டுவிடுகிறவர்களைப் பற்றியது. குத்துவிளக்கும் வீணையும் சிலரது வீட்டில் இருந்தவை. அவற்றை எல்லாரது மரபென்று சொல்லும்போது, வீட்டில் விளக்கெண்ணெய்க்கும் வழியில்லாதிருந்தவர்களை மறுபடியும் ஒருமுறை வெளியே நிறுத்துகிறோம்.

இதை நம்மினும் தெளிவாகக் கண்டவர் அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராயிருந்து 2005-இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு அவர்கள். பரட்டை என்று மாணவர் அன்போடு அழைத்த அவர், மேனாட்டுப் பாமாலையை மட்டுமல்ல, கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனையையும் உயர்ந்தோர் இசை என்று கேள்விக்குள்ளாக்கினார். கிராமத்து மெட்டிலும் தாளத்திலும் வழிபாட்டையே அமைத்தார். எல்லாரும் ஒரே உலையில் சமைத்து ஒன்றாக உண்ணுதலைத் தம் இறையியலின் நடுவில் வைத்தார். பறையை விடுதலையின் ஒலியாகக் கேட்கும் ஒரு தலைமுறை அவரால் உருவாயிற்று. நம் இளம் பொறியாளர் கல்லூரி நாட்களில் எங்கோ அந்தப் பாடல்களைக் கேட்டிருக்கக் கூடும்.

ஆயினும் காடாம்புலியூர்ப் பெரியவரின் கேள்வி அத்துடன் தீர்ந்துவிடவில்லை. அப்பாவு அவர்களின் உலையையும் பறையையும் நாம் பிரித்துவிட்டோம் என்பதே நம் ஐயம். உலையை விட்டுவிட்டுப் பறையை மட்டும் எடுத்துக்கொள்வது, ஆசிரமத்தின் வாசலை விட்டுக் கோபுரத்தை எடுத்துக்கொள்வதைப் போன்றதே. மாநாட்டு மேடைகளில் பறை முழங்குகிறது. அடிக்கிறவர் யார், கைதட்டுகிறவர் யார் என்று பார்த்தால் பழைய ஏற்பாடே நிற்கிறது. அப்பெரியவரின் தகப்பனார் பறையைக் கீழே வைத்தது மிஷனெரி சொன்னதாலா, தம் கை ஓய்வு கேட்டதாலா? மிஷனெரி அதைப் பேய்களின் கருவி என்று சொல்லியிருக்கலாம். அவ்வாறு சொல்லியிருந்தால் அது அறியாமை. ஆனால் கீழே வைத்தவருக்கு அன்று கிடைத்தது, எவர் வீட்டுச் சாவுக்கும் கட்டாயமாய்ப் போக வேண்டியதில்லை என்னும் விடுதலை. அந்த விடுதலையைக் கலாசார இழப்பு என்று அவருடைய மகனிடம் எடுத்துச் சொல்ல நமக்கு நா எழவில்லை.

நற்கருணைப் பாத்திரத்தைக் குறித்தும் ஒரு சொல். 2020-ஆம் ஆண்டுக் கொள்ளைநோயின்போது பல சபைகளில் பொதுப்பாத்திரம் நின்றது. தனித்தனிச் சிறு கிண்ணங்கள் வந்தன. நோய் தணிந்தபின்னும் சில சபைகள் பழைய முறைக்குத் திரும்பவில்லை. சுகாதாரம் என்கிறார்கள், ஏற்கிறோம். ஆனால் ஒரே பாத்திரத்தில் பருகுதல் நம் நாட்டு வழக்கத்துக்கு ஒவ்வாதது, மிஷனெரிமார் கொண்டுவந்தது என்று ஒரு மூப்பர் நம்மிடம் மகிழ்ச்சியோடு சொன்னார். அவருடைய மகிழ்ச்சி நம்மை உறங்கவிடவில்லை. முந்திரி ஓட்டு எண்ணெயில் கறுத்த கைகளும், அலுவலகக் கோப்புகளைப் புரட்டும் கைகளும் ஒரே பாத்திரத்தைத் தொட்டது மேனாட்டுக் கலாசாரம் என்றால், அதைப் போகவிட நமக்கு மனமில்லை.

சில நாட்கள் கழித்துக் காடாம்புலியூருக்கு மறுபடியும் சென்றோம். பெரியவரை அவர் வீட்டிலேயே கண்டோம். மேற்சொன்னவற்றுள் சிலவற்றை அவரிடம் சொன்னோம். இராஜநாயக்கனின் கதையை மட்டும் அவர் இருமுறை கேட்டார். பிறகு நெடுநேரம் பேசாதிருந்து, “பறை அடிக்கட்டும் ஐயா, நான் தடுக்கலே. ஆனா எங்க தெருப் பிள்ளைங்க மட்டும் அடிக்கக் கூடாது. அந்த இன்ஜினியர் தம்பி பையனும் தோள்ல மாட்டணும். அவங்க அடிக்க, நாங்க ஒரு தடவை உக்காந்து கேக்கறோம்,” என்றார்.

இதை அந்தப் பொறியாளரிடம் சொன்னோம். அவர் முகம் ஒரு கணம் மாறியதைக் கண்டோம், மறைக்க வேண்டியதில்லை. பின்னர், “நியாயந்தான் ஐயா,” என்றார். பையனுக்குப் பதின்மூன்று வயது. அவன் உடனே இசைந்துவிட்டான்; தாளம் கற்கச் சனிக்கிழமைதோறும் தந்தையின் வண்டியில் வந்துகொண்டிருக்கிறான். ஊரிலிருக்கும் பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லையாம். பண்டிகைக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன. ஆர்மோனியமும் இருக்கட்டும் என்று சபை தீர்மானித்திருக்கிறது.